இறால் இழுவலையில் கண்ணியும் இழையும்

புனே நகரின் விமான் நகரில் இருந்துகொண்டு கடல் வலையைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். லோஹகாவ் விமான நிலையத்தை அடுத்த இக்குடியிருப்பிற்கும் கொங்கணக் கடற்கரைக்கும் இடையே சஹ்யாத்திரி மலைத்தொடர் நிற்கிறது. இங்குள்ளோர் காணும் இறால் பனிக்கட்டியில் பொதிந்து வந்த இறாலேயாகும். ஆயினும் கடலுக்கும் இந்நகருக்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. நாட்டின் மீன்வலைத் தொழிலில் பெயர் பெற்ற கர்வாரே வால் ரோப்ஸ் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று கர்வாரே டெக்னிகல் ஃபைபர்ஸ் என்னும் பெயருடன் இயங்கும் அந்நிறுவனத்தின் ஆலைகள் புனேயை ஒட்டிய சிஞ்ச்வடிலும் சாதாரா மாவட்டத்து வாயிலும் உள்ளன. மீனவர் கடலில் இழுக்கும் வலையின் இழையும் கண்ணியும் கடலுக்கு வெகு தொலைவில், தறியிலேயே ஓரளவு முடிவாகிவிடுகின்றன. இவ்வுரையின் மையக் கருத்துக்கு இந்த உண்மை பின்னர்ப் பயன்படும்.

கடலிலிருந்து எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்னும் கேள்வி பலராலும் எழுப்பப்படுகிறது. எந்த மீனைப் பிடிக்கலாம், எதனை விட்டுவிட வேண்டும் என்னும் கேள்வி அதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. முதற் கேள்விக்குப் படகுகளின் எண்ணிக்கையும் மீன்பிடி நாள்களும் விடை தருகின்றன. இரண்டாவது கேள்விக்கு விடை வலையில் உள்ளது.

இறால் கொண்டுவந்த இழுவலை

இந்திய அரசு, நார்வே அரசு, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் 1952ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, கேரளத்தின் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953ஆம் ஆண்டில் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கிற்று. கடலோர மீனவரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதும் படகுகளுக்கு இயந்திரம் பொருத்துவதும் அதன் தொடக்க நோக்கங்கள். அக்காலத்திலேயே கொச்சியிலிருந்து உறைபதன இறால் வெளிநாட்டுச் சந்தைக்குச் செல்லத் தொடங்கியது. இறாலுக்குக் கிடைத்த விலை, திட்டத்தின் போக்கையே மாற்றிவிட்டது. கடலடியை வருடிச் செல்லும் சிறிய இழுவலை விசைப்படகு, 1960ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் விரைந்து பரவிற்று. அந்நியச் செலாவணி ஈட்டுவதில் இறால் சிறப்பிடம் பெற்றது.

இழுவலை என்பது புனல் வடிவப் பை. அதன் வாயை இருபுறமும் பலகைகள் விரித்து நிறுத்துகின்றன. மேல்விளிம்பை மிதவைகள் உயர்த்துகின்றன. கீழ்விளிம்பு தரையைத் தொட்டுச் செல்கிறது. வாயில் அகப்பட்டவை யாவும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கடைக்கோடியிலுள்ள பையில் சேர்கின்றன. அப்பையை மீனவர் மடி என்பர். எது தப்பும், எது தங்கும் என்பது பெரும்பாலும் அந்த மடியிலேயே முடிவாகிறது.

இறால் உருவத்தில் சிறியது. அதற்கேற்ற கண்ணியும் சிறியதாகவே இருக்கும். வெப்பமண்டலக் கடலடியிலோ இறாலுடன் நூற்றுக்கணக்கான இன மீன்களும் நண்டும் கணவாயும் கலந்து வாழ்கின்றன. இறாலைக் கருதி இழுக்கப்படும் வலையில், வளர்ந்தால் விலை போகக்கூடிய மீன்களின் குஞ்சுகளும் திரளாகச் சிக்குகின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலக மீன்பிடிப்பில் ஆண்டுதோறும் கடலிலேயே வீசி எறியப்பட்ட உயிரினங்களின் எடை ஏறத்தாழ 73 இலட்சம் டன். அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது வெப்பமண்டல இறால் இழுவலைகளைச் சார்ந்தது.

தெரிவுத் திறன் என்பது யாது?

ஒரு வலை, தன்னுள் புகுந்த உயிரினங்களில் சிலவற்றை இருத்திக்கொண்டு சிலவற்றை வெளியே விடுகிறது. இன்ன இனம், இன்ன அளவு என்று இவ்வாறு பிரித்தெடுக்கும் இயல்பே தெரிவுத் திறன் எனப்படும். இதனை அளக்கும் முறை எளியது. மடிக்கு வெளியே மிகச் சிறு கண்ணியுடைய மற்றோர் உறையைப் போர்த்தி வலையை இழுப்பர். மடியில் தங்கியதையும், தப்பி உறையில் விழுந்ததையும் நீளவாரியாக எண்ணுவர். எந்த நீளமுடைய மீன்களில் பாதி தங்கிப் பாதி தப்புகின்றனவோ, அந்நீளமே அவ்வலையின் பாதித் தப்பு நீளம். அதனைக் கண்ணி அளவால் வகுத்தால் தெரிவுக் காரணி கிடைக்கும்.

மீனுக்கு இந்த அளவு ஓரளவு தெளிவாக அமையும். இறாலுக்கு அவ்வாறு அமைவதில்லை. இறாலின் தலைமுள்ளும் கால்களும் உணர்கொம்புகளும் வலையில் சிக்கிக்கொள்கின்றன. மீனைப் போல அது வழி தேடி நீந்துவதும் குறைவு. வாலை உதறிப் பின்னோக்கித் தெறிக்கிறது. ஆகவே ஒரே நீளமுடைய இறால்களில் சில எளிதில் தப்பும், சில சிக்கும். கண்ணியைச் சற்றே பெரிதாக்கினால் சிறு இறால் மட்டும் நீங்கும் என்று எண்ணுவது சரியன்று. விற்கத்தக்க இறாலும் ஒரு பகுதி நீங்கிவிடும். மீனவர் கண்ணியைப் பெரிதாக்கத் தயங்குவதற்கு இது உண்மையான காரணம். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் கூடாது.

கண்ணியின் அளவு: ஏடும் நீரும்

கண்ணியின் அளவு பெரும்பாலும், ஒரு கண்ணியை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே உள்ள தூரமாகக் கொள்ளப்படுகிறது. 40 மி.மீ. கண்ணி என்றால் அதன் ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. ஆகும். வழக்கமான வலையில் கண்ணி சாய்சதுர வடிவில், அதாவது வைர வடிவில், தொங்குகிறது. படகு இழுக்கும்பொழுது விசை நீளவாக்கில் செயற்படுவதால் இக்கண்ணிகள் குறுகி நெருங்கிவிடுகின்றன.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். நூலின் தடிமனைத் தற்காலிகமாக ஒதுக்கிவிடுவோர், 40 மி.மீ. கண்ணி இழுவிசையால் 8 மி.மீ. அகலத்திற்குக் குறுகுவதாகக் கொள்ளலாம். அப்பொழுது அதன் திறந்த பரப்பு ஏறத்தாழ 157 சதுர மி.மீ. மட்டுமே. அதனுள் நுழையக்கூடிய உருண்டைப் பொருளின் விட்டம் 8 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. அதே கண்ணி முழுச் சதுரமாக விரிந்து நின்றால் பரப்பு 400 சதுர மி.மீ.; நுழையக்கூடிய உருண்டையின் விட்டம் 20 மி.மீ. ஏட்டில் இரண்டுமே 40 மி.மீ. கண்ணிகள்தாம். நீரில் அவை வெவ்வேறு வலைகள்.

மடி நிறைய நிறைய மற்றொரு மாற்றமும் நேர்கிறது. பிடிபட்டவை பின்னே திரண்டு மடியை உருண்டையாகப் புடைக்கச் செய்கின்றன. அப்புடைப்புக்குச் சற்று முன்னுள்ள சில வரிசைக் கண்ணிகளே திறந்திருக்கும்; அதற்கும் முன்னுள்ளவை குறுகியும் பின்னுள்ளவை அடைபட்டும் போகும். நெடுநேரம் இழுத்தால் சேறும் சொறிமீனும் கண்ணிகளை மேலும் அடைக்கும். ஆகவே இழுக்கும் நேரமும் தெரிவுத் திறனைப் பாதிக்கும் ஒரு காரணமாகும்.

இழையின் பங்கு

முற்காலத்து வலைகள் பருத்தியாலும் சணல் வகை நார்களாலும் ஆனவை. அந்நார்கள் நீரை உறிஞ்சிப் பருத்துச் சுருங்கும், விரைவில் மக்கும். மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தும் வெயிலில் உலர்த்தியும் அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டில் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் வலை நார்களையும் வலை அமைப்பையும் ஆராயும் பணியை மேற்கொண்டது. செயற்கை இழைகள் வந்தபின் இயற்கை நார்கள் படிப்படியாக மறைந்தன.

நைலான் வலிமையும் நெகிழ்வும் உடையது. அதன் அடர்த்தி எண் 1.14, ஆதலால் நீரில் அமிழும். தப்ப முயலும் மீனுக்கு நைலான் கண்ணி சற்றே இடங்கொடுக்கும். பாலித்தீன் இழையின் அடர்த்தி எண் 0.95, அது மிதக்கும். நீரை உறிஞ்சாது, உராய்வைத் தாங்கும், விலையும் குறைவு. இக்காரணங்களால் இந்திய இழுவலைகளில் பாலித்தீன் பெருமளவு இடம்பெற்றது. ஆயினும் அதன் வலிமை நைலானைவிடக் குறைவு. நைலானுக்கு நிகரான வலிமை பெற வேண்டுமானால் நூலைத் தடிமனாக்க வேண்டும். தடித்த நூல் விறைப்பானது, கண்ணி எளிதில் விரிவதில்லை, திறப்பும் சுருங்குகிறது.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. முடிச்சின் நடுவிலிருந்து அளந்த 20 மி.மீ. கண்ணியின் பக்கம் 10 மி.மீ. அது முழுச் சதுரமாக விரிந்தாலும், நூல் 1 மி.மீ. தடிமனாயின் உட்பரப்பு 81 சதுர மி.மீ.; நூல் 2 மி.மீ. ஆனால் 64 சதுர மி.மீ. கண்ணி அளவு மாறாமலே திறப்பில் ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது. கண்ணி சிறியதாக இருக்கும் இறால் வலையில் இவ்விழப்பு மிகுதி. முடிச்சின் நடுவிலிருந்து அளப்பதா, உள்விளிம்பிலிருந்து அளப்பதா என்பதைச் சட்டம் தெளிவாகக் கூற வேண்டியதன் தேவை இதனால் விளங்கும். வலுவுக்காக மடியை இரட்டை நூலால் பின்னும்பொழுதும், ஒரு மடிக்குள் மற்றொன்றை வைத்து இழுக்கும்பொழுதும் இந்நிலை இன்னும் மோசமாகும். இரண்டு பைகளின் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு நிற்கையில், தனித்தனியே அளந்த அளவுக்குப் பொருளே இல்லை.

இழைக்கும் தெரிவுத் திறனுக்கும் உள்ள உறவைச் சட்டம் கருத்திற்கொண்டதற்கு முன்னுதாரணம் உண்டு. வட அட்லாண்டிக் கடலில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், மணிலா நார் மடிகளைவிட நைலான் மடிகள் சிறு மீனை மிகுதியாக விடுகின்றன என்று ஆய்வாளர் கண்டனர். அதனை ஏற்று, மணிலா நாருக்கு ஒன்றும் நைலானுக்கு அதைவிடச் சற்றுச் சிறியதுமாக இருவேறு குறைந்தபட்சக் கண்ணி அளவுகள் அங்கு விதிக்கப்பட்டன.

சதுரக் கண்ணி

கண்ணி குறுகுவதைத் தடுக்க எளிய வழி, வலைத் துணியை 45 பாகை திருப்பிப் பொருத்துவது. அப்பொழுது கண்ணியின் இரு பக்கங்கள் இழுவிசையின் திசையிலும் மற்ற இரு பக்கங்கள் அதற்குக் குறுக்காகவும் அமைகின்றன. சுமையை நேர்ப்பக்கங்கள் தாங்க, கண்ணி திறந்தே நிற்கிறது. இதுவே சதுரக் கண்ணி மடி. கூடுதல் கருவியோ இயந்திரமோ தேவையில்லை. வலை வெட்டுவோரின் கைத்திறன் போதும். உருண்டு நீண்ட உடலுடைய மீன் குஞ்சுகளும் சிறு இறாலும் இதன் வழியாக மிகுதியாகத் தப்புகின்றன.

இதற்கும் வரம்புகள் உண்டு. தட்டை உடலுடைய மீன்களுக்குச் சதுரத் திறப்பைவிட வைரத் திறப்பே வசதியானது. பாலித்தீன் நூல் வழுவழுப்பானது; சதுரமாகப் பொருத்திய முடிச்சுகள் சுமையால் நழுவி, கண்ணியின் வடிவம் கெடலாம். முடிச்சில்லா வலைத்துணியோ, வெப்பத்தால் இறுக்கப்பட்ட முடிச்சோ இதற்கு மாற்றாகும். தப்பிய மீன்கள் எல்லாமே பிழைப்பதில்லை. செதில் உதிர்ந்தும் காயமுற்றும் சில இறக்கின்றன. இவ்வளவும் கழித்த பின்னும், செலவு மிகக் குறைந்த சீர்திருத்தம் இதுவே எனலாம்.

மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டக் கடற்கரையில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் நடந்த கடலோர உயிரினப் பாதுகாப்புத் திட்டத்தில், 40 மி.மீ. சதுரக் கண்ணி மடிகள் இழுவலைப் படகுகளுக்கு அறிமுகப்படுத்தப்பட்டன. குஜராத்தின் 2003ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளும் சதுரக் கண்ணி மடியை வலியுறுத்தின.

இறாலும் மீனும் ஒரே மடியில்

வலை ஒன்று, அதில் விழும் உயிர்களின் வாழ்க்கை முறை வேறு. கடலில் முட்டையிடும் இறாலின் இளம்பருவம் பெரும்பாலும் கழிமுகங்களிலும் காயல்களிலும் கழிகிறது. பின்னர் அது கடலுக்குத் திரும்புகிறது. அதன் ஆயுள் ஓரிரு ஆண்டுகளே. பெரிய இறாலுக்கு விலை அதிகம்; கிலோவுக்கு எத்தனை இறால் என்னும் எண்ணிக்கையை ஒட்டியே ஏற்றுமதி விலை அமைகிறது. ஆதலால் சற்றுக் காத்திருந்து பிடிப்பது இலாபம். ஆனால் மிகவும் காத்திருந்தால், வேறு மீனுக்கு இரையாகியும் இயற்கையாக இறந்தும் இறால் குறைந்துவிடும். காத்திருப்பதால் வரும் எடைப் பெருக்கமும் இறப்பால் வரும் இழப்பும் சமமாகும் இடமே உகந்த பருவம். மீன்வள அறிவியலில் இக்கணக்கை 1957ஆம் ஆண்டில் பெவர்ட்டன், ஹோல்ட் என்னும் இரு பிரித்தானிய அறிஞர்கள் விரிவாக வகுத்தனர்.

இறாலுக்கு உகந்த இக்காத்திருப்புக் குறுகியது. சங்கரா முதலிய மீன்களுக்கு அது நீண்டது. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே கண்ணி இல்லை. இறாலுக்கு ஏற்ற கண்ணி மீன் குஞ்சை அழிக்கும். மீனுக்கு ஏற்ற கண்ணி இறாலை இழக்கும். இம்முரணைத் தீர்க்கக் கொச்சி நிலையத்தில் ஒரு பிரிப்புக் கருவி உருவாக்கப்பட்டது. வலைக்குள் பொருத்தப்படும் தடுப்புச் சட்டம் இறாலைக் கீழ் மடிக்கும் மீனை மேல் மடிக்கும் பிரித்து அனுப்புகிறது. கீழ் மடியில் இறாலுக்கேற்ற கண்ணி. மேல் மடியில் பெரிய கண்ணி. குஞ்சுகளுக்கு வெளியேறும் வழி. இக்கருவிக்கு 2005ஆம் ஆண்டில் உலக வனவிலங்கு நிதியம் நடத்திய மீன்பிடிக் கருவிப் போட்டியில் பரிசு கிடைத்தது. ஒரே மடியில் இரு நோக்கங்களைத் திணிப்பதைவிட, நோக்கத்திற்கொரு மடி என்னும் கருத்து வரவேற்கத்தக்கது.

இழப்பு ஒருவருக்கு, ஆதாயம் பலருக்கு

தொழில்நுட்பம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அது பரவாததற்குக் காரணம் பொருளியலில் உள்ளது. ஒரு துறைமுகத்தில் நூறு படகுகள் உள்ளன என்று கொள்வோருக்கு இது விளங்கும். ஒரு படகு மட்டும் கண்ணியைப் பெரிதாக்கினால், இன்று அது விட்ட சிறு மீனின் மதிப்பு முழுவதும் அதன் இழப்பு. அம்மீன் வளர்ந்தபின் நூறு படகுகளுள் எதன் வலையிலும் விழலாம். விட்டவருக்கு நூறில் ஒரு பங்கே மிஞ்சும். ஆகவே அறிவுள்ள மீனவர் ஒவ்வொருவரும் சிறு கண்ணியையே தேர்ந்தெடுப்பர். அதன் விளைவாக எல்லாரும் நட்டமடைவர். பொது வளத்தின் இந்த இயல்பைக் கனடாவின் பொருளியல் அறிஞர் ஸ்காட் கார்டன் 1954ஆம் ஆண்டிலேயே மீன்வளத்தைக் கொண்டு விளக்கினார்.

அண்மைக் காலத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. முன்பு சிறு மீனுக்கு விலை இல்லை. இடத்தை அடைத்துக்கொள்ளும் சுமையாகவே அது கருதப்பட்டது. இராமேசுவரம் பகுதியில் சங்காயம் என்று வழங்கப்படும் அம்மீன், இன்று மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்திற்கும் விலை போகிறது. கடலில் எறியப்படும் மீன் குறைந்துவிட்டது என்று இதனால் மகிழ்வதற்கில்லை. எறியப்பட்டாலும் அரைக்கப்பட்டாலும் குஞ்சு மடிவது மடிவதே. விலை கிடைக்கும்வரை அதனைத் தப்பவிடும் ஆர்வம் எழாது.

இவ்விழப்பைத் தாங்குவோர் விசைப்படகு உரிமையாளர் மட்டுமல்லர். கட்டுமரத்திலும் நாட்டுப் படகிலும் செல்லும் மீனவர், வளர்ந்த மீன் கரையோரம் வருவதையே நம்பி வாழ்பவர். 1970ஆம் ஆண்டுகளில் கோவாவிலும் தமிழ்நாட்டிலும், 1980ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் இழுவலைக்கு எதிராக அவர்கள் நடத்திய போராட்டங்கள், குஞ்சிலேயே பறிபோன தங்கள் பங்கைக் கேட்ட போராட்டங்களாகும். ஒரு மடியின் கண்ணி, கடற்கரையில் யாருக்கு எவ்வளவு என்னும் பங்கீட்டையும் முடிவு செய்கிறது.

சட்டமும் அதன் பிடியும்

இப்போராட்டங்களின் பின்னணியில் 1979ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பிற்று. கேரளமும் கோவாவும் 1980ஆம் ஆண்டிலும், மகாராஷ்டிரம் 1981ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 1983ஆம் ஆண்டிலும் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. கேரளத்தில் 1988ஆம் ஆண்டு முதல் பருவமழைக்கால இழுவலைத் தடை நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டில் 45 நாள்களாகத் தொடங்கிய தடைக்காலம் 2017ஆம் ஆண்டு முதல் 61 நாள்களாயிற்று.

நாள் தடையைக் கண்காணிப்பது எளிது; படகு துறைமுகத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். கண்ணியைக் கண்காணிப்பது கடினம். நள்ளிரவில் கடலில் எந்த மடி கட்டப்பட்டது என்பதைக் கரையிலுள்ள அலுவலர் அறிய இயலாது. ஆப்பு வடிவத் தகட்டால் ஒரு மடியை அளந்தாலும், நூல் தடிமனும் வடிவமும் விதியில் இல்லையெனில் அந்த அளவு பாதி உண்மையையே கூறும். தடைக்காலத்தில் பிழைத்த குஞ்சுகள், தடை நீங்கிய முதல் வாரத்திலேயே சிறு கண்ணியில் விழுமானால், அரசும் மீனவரும் மேற்கொண்ட தியாகம் வீணாகிறது.

இந்நிலையில் மூன்று செயல்கள் இன்றியமையாதவை. முதலாவது, கண்ணி அளவு, நூலின் வகையும் தடிமனும், கண்ணியின் வடிவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே விதி கூற வேண்டும். இரட்டை மடியையும் உட்பையையும் வெளிப்படையாக விலக்க வேண்டும். இரண்டாவது, கண்காணிப்பு கடலுக்கு முன்னும் பின்னும் அமைய வேண்டும். முன் என்பது வலை பின்னும் ஆலையும் வலை கட்டும் கூடமும். கேரளம் 2017ஆம் ஆண்டில் தன் சட்டத்தைத் திருத்தியபொழுது வலைத் தயாரிப்புக் கூடங்களையும் பதிவுக்குள் கொண்டுவர முற்பட்டது இத்திசையில் ஒரு படி. ஆயிரக்கணக்கான படகுகளைச் சோதிப்பதைவிடச் சில பத்து ஆலைகளில் தரச்சான்று அளிப்பது எளிது. பின் என்பது மீன் இறங்குதளம். கேரளம் 2015ஆம் ஆண்டில் 14 இனங்களுக்கும் 2017ஆம் ஆண்டில் மேலும் 44 இனங்களுக்கும் குறைந்தபட்சப் பிடிநீளத்தை அறிவித்தது. மகாராஷ்டிரம் 2023ஆம் ஆண்டில் 54 இனங்களுக்கு அறிவித்தது. குஞ்சுக்குச் சந்தை இல்லையெனில், அதனைப் பிடிக்கும் கண்ணிக்கும் தேவை இராது.

மூன்றாவது செயல் நிதி தொடர்பானது. கண்ணி மாறிய முதற்பருவத்தில் பிடிப்பு குறைவது உறுதி. எதிர்கால ஆதாயத்தைக் காட்டி இன்றைய கடனை அடைக்க முடியாது. படகுக்கு டீசலும் வலையும் கடனாகப் பெற்ற மீனவர் அவ்விழப்பைத் தனியே தாங்கார். பயன் பொதுவானதாயின், மாற்றத்தின் சுமையில் ஒரு பங்கு பொதுநிதியிலிருந்து வருவதே நியாயம். தடைக்கால நிவாரணத்தை ஏற்ற நாடு, மடி மாற்ற உதவியையும் ஏற்கலாம். இதில் மீனவருக்கு உடனடி நலன் ஒன்றும் உண்டு. மெல்லிய, வலிய புதுவகை இழையும் திறந்த கண்ணியும் நீரின் எதிர்ப்பைக் குறைக்கின்றன. இழுவைக்குச் செலவாகும் டீசல் மிச்சமாகிறது. பின்னே வரப்போகும் மீனைவிட, இன்றே மிஞ்சும் எரிபொருள் படகு உரிமையாளரை விரைவில் இணங்கச் செய்யும்.

மாணவர்க்கும் அலுவலர்க்கும்

இந்தியாவின் இறால் ஏற்றுமதியில் பெரும்பங்கு இன்று பண்ணைகளில் வளர்க்கப்படும் வனாமி இறாலுக்கு உரியது. 2009ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி கிடைத்தபின் நிலைமை வேகமாக மாறிற்று. அந்நியச் செலாவணிக்காகக் கடலடியை இடைவிடாது துழாவ வேண்டிய கட்டாயம் முன்போல் இல்லை. இழுவலையைச் சீர்திருத்தி அமைக்க இதனினும் ஏற்ற காலம் அமைவது அரிது.

பொருளியல் பயிலும் மாணவர், சட்டத்தில் எழுதிய எண்ணும் கடலில் செயற்படும் எண்ணும் வேறுபடலாம் என்பதை இந்த மடியிலிருந்து கற்கலாம். அலுவலர், விதியை மீறுவோரைத் தேடுமுன் அவ்விதி முழுமையாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம். சிஞ்ச்வடில் முறுக்கப்படும் நூலும், கொச்சியில் ஆராயப்படும் மடியும், இராமேசுவரத்தில் கொட்டப்படும் சங்காயமும், விமான் நகரின் கடையில் நிறுத்து வாங்கப்படும் இறாலும் ஒரே பொருளாதாரத்தின் கண்ணிகள். கடலில் ஒரு குஞ்சு தப்பி வளர வேண்டுமானால், இக்கண்ணிகள் ஒவ்வொன்றும் அதற்கு இடம் விட வேண்டும்.